யோலாண்டா லோபஸின் ஓடிவரும் குவாதலூப்பே (1978, காகிதத்தில் ஆயில் பேஸ்டல்) – இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் பேசலாமா?

கரிக்கோல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரே ஒரு படத்தை எடுத்துவைத்துக்கொண்டு நாம் நிதானமாகப் பேசி ரொம்ப நாளாகிறது. பத்து நாளாக ஒரு படம் என்னை விடமாட்டேன் என்கிறது. சிக்கானா ஓவியர் யோலாண்டா லோபஸ் 1978-ல் வரைந்தது. 'குவாதலூப்பே கன்னியாக ஓவியரின் உருவப்படம்' என்பது தலைப்பு.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு இளம்பெண் நேராக நம்மை நோக்கி ஓடி வருகிறாள். இளஞ்சிவப்பு உடை தொடைவரை ஏறியிருக்கிறது. காலில் ஓட்டக் காலணி. ஒரு கையில் நட்சத்திரங்கள் பதித்த நீலப் போர்வையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள், இன்னொரு கையில் பாம்பு. பின்னால் பொன்னிறக் கதிர்கள். கீழே ஒரு தேவதூதன், அவன் சிறகுகளில் சிவப்பு, வெள்ளை, நீலம். அவனைத் தாண்டிக் குதித்துத்தான் இவள் வருகிறாள். முகத்தில் சிரிப்பு. போட்டியில் முதலாவதாக வந்தவளின் சிரிப்பு அது.

"சாமியைக் கேலி செய்த படம்" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஓடுகிற கால்களை அவ்வளவு அக்கறையாக ஒருத்தி வரைந்திருக்கிறாள் என்றால் அவளுக்குச் சொல்ல வேறு ஏதோ இருக்கிறது. உங்கள் பார்வையை எழுதுங்கள்.

முகில் எழுதியது:

சார், நான் ஓவியக் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சிக்கானோ என்ற சொல்லே எனக்குப் புதுசு. குவாதலூப்பே கன்னி யாரென்றும் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போனால் என்னைப் போன்றவர்கள் தொடர்ந்து படிக்க முடியும்.

தெற்குவெளி எழுதியது:

முகில், நான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட அரசியல் பெயர் சிக்கானோ. பெண் என்றால் சிக்கானா. முன்பு ஏளனச் சொல்லாக இருந்ததை 1960-களில் இளைஞர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத் தொடங்கினார்கள். 1965-ல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் இறங்கியவர்கள் பிலிப்பினோ தொழிலாளர்கள், சில நாளில் சீசர் சாவேஸ், டோலரஸ் வெர்டா தலைமையிலான மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1966-ல் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு வாரக்கணக்கில் நடந்தே போனார்கள். அந்த ஊர்வலத்தில் முன்னால் சென்ற பதாகையில் இருந்தது குவாதலூப்பே அன்னையின் உருவம்.

யார் அந்த அன்னை? 1531-ல் மெக்சிகோ நகருக்கு அருகே தெப்பேயாக் குன்றில், ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு மாதா காட்சி தந்தாள், அவருடைய கற்றாழை நார் மேலாடையில் அவள் உருவம் பதிந்தது என்பது நம்பிக்கை. பேசியது அவருடைய தாய்மொழியான நஹுவாட்டிலில். ஸ்பானியர் வருவதற்கு முன்பு அதே குன்றில் தோனான்ட்சின், அதாவது 'எங்கள் தாய்' என்று ஒரு பெண் தெய்வத்தை வழிபட்டதாக 16-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே அவள் மாதாவும்தான், மண்ணின் தாயும்தான். நாட்டை விட்டு வந்தவர்கள் வீட்டிலும், பேக்கரிச் சுவரிலும், லாரிக் கண்ணாடியிலும் அவளை ஒட்டிவைத்திருப்பார்கள்.

லோபஸ் பிறந்தது 1942-ல், சான் டியேகோவின் லோகன் ஹைட்ஸில். எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தாயும் தாய்வழிப் பாட்டி தாத்தாவும் வளர்த்த பெண். அவர் கண்ணில் தினமும் பட்ட படம் இது. எங்கோ அருங்காட்சியகத்தில் பார்த்த பொருளை அவர் எடுத்து வரையவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செபமாலை எழுதியது:

நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். 58 வயது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் குவாதலூப்பே அன்னையின் படம் இருக்கிறது. என் தங்கை மெக்சிகோ போனபோது வாங்கிவந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கரிக்கோல் தம்பி, நீங்கள் விவரித்ததைப் படித்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். பார்த்ததும் மனசு சுருங்கியது. தேவதூதனை மிதித்துக்கொண்டு தாண்டுவது எனக்கு வலிக்கிறது. பக்தி உள்ளவர்களிடம் கேட்காமலே அவர்கள் தெய்வத்தை இப்படி எடுத்தாளும் உரிமை கலைக்கு உண்டா? சண்டை போட எழுதவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்.

கரிக்கோல் எழுதியது:

செபமாலை அம்மா, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. உங்களுக்குப் பதில் சொல்லும் முன் ஒரு வேண்டுகோள். இது தனிப்படம் இல்லை. கூடவே பிறந்த படங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று அவருடைய அம்மா, மற்றது பாட்டி. அவற்றையும் பார்த்துவிட்டுப் பேசலாமா?

நூல்கண்டு எழுதியது:

இந்த இழையில் நான் எழுதுவேன் என்று நினைக்கவே இல்லை. ஓவியம் எனக்குத் தெரியாது, தையல் தெரியும். 22 வருஷம் மிஷின் மிதித்தவள்.

அம்மா படம் என்றதும் தேடிப் பார்த்தேன். 'மார்கரெட் எஃப். ஸ்டூவர்ட்: குவாதலூப்பே அன்னை' என்று பெயர். கண்ணாடி போட்ட, உடம்பு பருத்த ஒரு நடுவயது அம்மா தையல் மிஷினில் குனிந்திருக்கிறாள். அவள் தைப்பது என்ன தெரியுமா? அந்த நட்சத்திரப் போர்வையைத்தான்! மாதாவின் போர்வை ஊசிக்கடியில் ஓடுகிறது. பின்னால் அதே கதிர்கள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த முதுகு எனக்குத் தெரியும். மிஷினில் நீள நீளமாகத் துணி ஓட்டும்போது தோள் முன்னுக்கு விழும், கழுத்து இறங்கும், இரண்டு கையும் துணியைத் தள்ளாமலும் இழுக்காமலும் கூடவே போகும். அழகுக்காக உட்காரவைத்து வரைந்தால் அந்த முதுகு வராது. பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்த மகளுக்குத்தான் வரும்.

சாமி படத்தில் எல்லாம் உடை தானாக வந்ததுபோல இருக்கும். அதை யாரோ தைத்தார்கள் என்று இதுவரை எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை.

முகில் எழுதியது:

நூல்கண்டு அக்கா, உங்கள் கடைசி வரியை என் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

பாய்மரம் எழுதியது:

நான் சான் டியேகோவில் இருக்கிறேன். 2021 அக்டோபரில் இங்குள்ள தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் லோபஸின் தனிக் கண்காட்சி தொடங்கியது. ஒரு அருங்காட்சியகம் அவருக்கென்று வைத்த முதல் தனிக் கண்காட்சி அதுதான். ஆனால் திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 3 அன்று, 78 வயதில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோனார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அச்சான படத்தை வரைந்தவருக்குச் சொந்த ஊர் இவ்வளவு தாமதமாகச் சுவர் கொடுத்தது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

மூன்று படங்களையும் அங்கே நேரில் பார்த்தேன். அச்சில் பார்த்துப் பழகியவர்கள் பெரிய சுவரோவியத்தை எதிர்பார்த்து வருவார்கள். கிட்டத்தில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சாதாரணக் காகிதம்தான். கைக்கு அடக்கமான அளவு. பெரிதாக இருந்தவை வேறு: அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பு வரைந்த 'மூன்று தலைமுறை' வரிசைக் கரித்துண்டு ஓவியங்கள். அதே அம்மா, அதே பாட்டி, அதே அவர். ஆளுயரத்தைத் தாண்டிய உருவங்கள், அலங்காரம் ஏதுமில்லாமல் நேராக நின்று நம்மைப் பார்க்கிறார்கள். அந்த அறையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசத் தோன்றும்.

அதாவது முதலில் இந்த மூன்று பெண்களையும் சாதாரண மனிதர்களாக, உள்ளது உள்ளபடி வரைந்து முடித்தார். அதற்குப் பிறகுதான் அவர்கள் பின்னால் கதிர்களை வைத்தார். வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

எண்ணெய்வண்ணம் எழுதியது:

பாய்மரம் சொன்ன 'சாதாரணக் காகிதம்' பற்றி ஒரு வார்த்தை. அது சாதாரணம் இல்லை, பருத்தி நாரில் செய்த தாள். மரக்கூழ்த் தாள்போல மஞ்சளாகி ஒடியாது. ஆனால் மேலே பூசியது ஆயில் பேஸ்டல், நம் பிள்ளைகள் பள்ளியில் வைத்திருக்கும் அதே இனம்.

அதன் கதையும் சுவையானது. 1925-ல் ஜப்பானில் சகுரா நிறுவனம் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. 1949-ல் பாரிஸில் சென்னெலியே பிக்காசோவுக்காக ஓவியர் தரத்தில் செய்தார். மெழுகும் உலராத எண்ணெயும் சேர்ந்த குச்சி. தூரிகை வேண்டாம், கரைப்பான் வேண்டாம், ஸ்டாண்டு வேண்டாம். சமையலறை மேசையே போதும். அழுத்தினால் எண்ணெய் ஓவியத்தின் கெட்டி நிறம், விரலால் தேய்த்தால் ஒன்றோடொன்று கலக்கும், மேலே சுரண்டினால் அடிநிறம் தெரியும். ஒரே குறை, முழுசாக ஒருபோதும் காயாது. கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி விட்டுச் சட்டம் போடவேண்டும்.

குவாதலூப்பே படம் காலண்டரிலும் மெழுகுவர்த்தி ஜாடியிலும் வழவழப்பாக அச்சாகி வருவது. கோடிக்கணக்கான பிரதிகள், எதிலும் கைரேகை இராது. லோபஸ் அதே உருவத்தை விரலும் குச்சியும் தாளில் உரசிய தடம் தெரிய மறுபடி வரைகிறார். எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது அதுதான். இதே வரிசையில் படம் வெட்டி ஒட்டும் உத்தியும் உண்டு, இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லி வரைந்த காதல் தெய்வம் வீனஸை எடுத்துக் குவாதலூப்பேயின் கதிர்களுக்குள் நிறுத்திய ஒட்டுப்படம் ஒன்று இருக்கிறது. புகைப்படங்களும் இருக்கின்றன. கைக்கு எது கிடைத்ததோ அதை எல்லாம் கேள்வி கேட்கப் பயன்படுத்தியிருக்கிறார்.

தெற்குவெளி எழுதியது:

அந்த வெட்டி ஒட்டும் பழக்கம் போராட்டத்திலிருந்து வந்தது. 1969-ல் சான் பிரான்சிஸ்கோ மிஷன் பகுதியில் ஒரு காவலர் கொல்லப்பட்ட வழக்கில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்கள் ஏழு பேர் மீது குற்றம் சாட்டினார்கள். 'லோஸ் சியெத்தே', அதாவது 'அந்த ஏழு பேர்'. அவர்களுக்காக நடந்த இயக்கத்தில் லோபஸ் 'பஸ்தா யா' பத்திரிகையின் வடிவமைப்பைப் பார்த்தார், சுவரொட்டி செய்தார். அமெரிக்கக் கொடியின் பட்டைகளையே சிறைக் கம்பிகளாக்கி, அதற்குப் பின்னால் இளைஞர்களின் முகங்களை வைத்தார். ஒரு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

1978-லேயே இன்னொரு சுவரொட்டி. ஆஸ்டெக் தலையணி அணிந்த ஒருவன் குடியேற்றத் திட்டக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு நம்மைப் பார்த்து விரல் நீட்டுகிறான்: "சட்டவிரோத அந்நியன் யார், யாத்ரீகனே?" (யாத்ரீகர் என்பது அமெரிக்காவில் ஆரம்பத்தில் வந்து குடியேறிய ஆங்கிலேயர்களின் பெயர்.) ஓடும் குவாதலூப்பேயும் அவனும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

ஆகவே அந்தத் தேவதூதன் சிறகின் சிவப்பு-வெள்ளை-நீலம் தற்செயல் இல்லை. மூல உருவத்தில் தேவதூதன் அவளைச் சுமக்கிறான். ஆனால் நிற்கவைத்தே சுமக்கிறான். அவனை ஆண் அதிகாரத்தின் ஆளாகத்தான் லோபஸ் பார்த்தார். பாம்பும் அப்படித்தான்: மூல உருவத்தில் காலடியில் நசுங்கிக் கிடக்கும் பாம்பை இவள் கையில் எடுத்துக்கொள்கிறாள்.

செபமாலை எழுதியது:

தெற்குவெளி, இங்கே ஒரு திருத்தம். குவாதலூப்பே அன்னையின் மூல உருவத்தில் பாம்பே கிடையாது. தினமும் பார்க்கிற படம், எனக்குத் தெரியும். காலடியில் கருத்த பிறை நிலா, அதற்குக் கீழே தேவதூதன், அவ்வளவுதான். பாம்பை மிதிப்பது அமல உற்பவ மாதா படங்களில் வரும்.

தெற்குவெளி எழுதியது:

நீங்கள் சொல்வதுதான் சரி, அம்மா. நான் இரண்டையும் குழப்பிவிட்டேன். ஆனால் இந்தத் திருத்தம் படத்தை எனக்கு இன்னும் சுவாரசியமாக்குகிறது. மூல உருவத்தில் இல்லாத பாம்பை லோபஸ் வெளியிலிருந்து கொண்டுவருகிறார் என்றால் அது எங்கிருந்து வந்தது? ஆஸ்டெக் மக்களின் பூமித்தாய் கோவாட்லிக்குவே. அந்தப் பெயருக்கே பொருள் 'பாம்புப் பாவாடைக்காரி'. மெக்சிகோ நகரின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவளுடைய கற்சிலையில் பாவாடை முழுக்கப் பின்னிய பாம்புகள்தான். ஆக இவள் கையில் இருப்பது ஏவாளை ஏமாற்றிய சர்ப்பம் அல்ல. மூதாதைத் தாயின் சொத்து.

முகில் எழுதியது:

பாட்டி படத்தையும் இப்போதுதான் பார்த்தேன். 'விக்டோரியா எஃப். ஃபிராங்கோ: குவாதலூப்பே அன்னை'. நட்சத்திரப் போர்வையை விரித்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கத்தி. இன்னொரு கையில் உரித்த பாம்புத் தோல்! பேத்தி கையில் உயிரோடு இருக்கும் பாம்பு பாட்டி கையில் தோலாக இருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டினேன், ஒரு தோழி "பாட்டி முகத்தில் சாவைப் பற்றிப் பயமே இல்லை" என்றாள்.

ஒரு கேள்வி. குவாதலூப்பேயை இப்படி மாற்றி வரைந்த முதல் சிக்கானா இவர்தானா?

கரிக்கோல் எழுதியது:

இல்லை முகில். எஸ்டர் எர்னாண்டெஸ் 1975-லேயே ஒரு செதுக்கு அச்சு ஓவியம் செய்துவிட்டார். அதில் அன்னை கராத்தே உடையில் காலைத் தூக்கி உதைக்கிறாள், சிக்கானோக்களின் உரிமைக்காகப் போராடுகிறாள். கதிர்களைக் கிழித்துக்கொண்டு அந்தக் கால் வெளியே வரும். பின்னால் 1999-ல் ஆல்மா லோபஸ் – யோலாண்டாவுக்கு உறவில்லை – ரோஜாப்பூ உடையில் ஒரு நவீனப் பெண்ணைக் கணினி அச்சில் நிறுத்தினார். 2001-ல் சாண்டா ஃபேயில் அதைக் காட்சிக்கு வைத்தபோது பேராயர் வரை எதிர்ப்புத் தெரிவித்தார்.

யோலாண்டாவுக்கும் அது நடந்தது. இதே வரிசையில் 'நடக்கும் குவாதலூப்பே' என்று ஒரு படம். உடையை முழங்கால் அளவுக்குக் குறைத்து, குதிகால் செருப்புப் போட்டு, அன்னையை நடக்கவிட்டார். 1984-ல் மெக்சிகோவின் பெண்ணியப் பத்திரிகை 'ஃபெம்' அதை அட்டையில் போட்டது. பத்திரிகைக்கு மிரட்டல்கள் வந்தன.

எனக்குத் தீராத வியப்பு இதுதான். கராத்தேயை, ஓட்டத்தை விடுங்கள். வெறுமனே நடந்ததற்கு இவ்வளவு கோபம். மூல உருவத்தைக் கவனியுங்கள், உடை பாதம்வரை மடிந்து விழுந்திருக்கும், கால் நுனி ஒன்றுதான் எட்டிப்பார்க்கும். அந்த உடையோடு இரண்டு அடி எடுத்துவைக்க முடியாது. லோபஸுக்கு அதுதான் உறுத்தியது. தங்கள் சமூகத்துப் பெண்களுக்கு முன்மாதிரியாக வைத்திருக்கும் பெண்ணால் நடக்கவே முடியாதா?

பாய்மரம் எழுதியது:

ஓட்டத்துக்கு ஒரு நேர்க் காரணமும் உண்டு. அவர் அந்த நாட்களில் இங்கே சான் டியேகோவின் லா ஹோயாவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவி, 1979-ல் பட்டம் பெற்றார். ஓட ஆரம்பித்தது அப்போதுதான். 1977-ல் 'எங்கே போகிறாய், சிக்கானா? கல்லூரியைத் தாண்டுதல்' என்று ஒரு வரிசை. அதில் அவர் அரைக்கால்சட்டையில் அந்த வளாகத்துக் கட்டடங்களுக்கு நடுவே தனியாக ஓடிக்கொண்டிருப்பார். அந்த வளாகத்தை நான் அறிவேன். கடலோரம், யூகலிப்டஸ் மரங்கள், அகலமான கான்கிரீட் பாதைகள். அவர் பிறந்த லோகன் ஹைட்ஸோ நெடுஞ்சாலையும் கொரோனாடோ பாலமும் பிளந்துபோட்ட இடம். அந்தப் பாலத்தின் அடியில்தான் 1970 ஏப்ரலில் மக்கள் நிலத்தை மறித்து உட்கார்ந்து சிக்கானோ பூங்காவை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு தையல்காரியின் மகள் அந்தத் தூரத்தைக் கடக்க முப்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் ஓடுவது உண்மையான கால். தினமும் வலித்த கால்.

தெற்குவெளி எழுதியது:

இயக்கத்துக்குள்ளும் அவள் ஓடவேண்டியிருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்கானோ இயக்க மேடைகளில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் தட்டச்சு செய்தார்கள், கூட்டத்துக்குச் சமைத்தார்கள். சுவரோவியங்களில் பெண் என்றால் மாதா, அல்லது வீரனின் மடியில் சாய்ந்த அழகி, அல்லது ஸ்பானியப் படைத்தலைவனுக்கு மொழிபெயர்த்ததால் துரோகி என்று பெயர் வாங்கிய மலின்சே. எல்லாப் படமும் இப்படி என்று சொல்லமாட்டேன். 1970-களில் சான் பிரான்சிஸ்கோவின் 'முஹேரெஸ் முரலிஸ்தாஸ்' பெண்கள் தாங்களே சாரம் கட்டி ஏறிச் சுவர் தீட்டினார்கள். ஆனால் பொதுவான காற்று அதுதான். கண்ணாடி போட்ட குண்டு அம்மாவுக்கு அந்தச் சுவர்களில் இடமில்லை.

நூல்கண்டு எழுதியது:

அதனால்தான் அம்மா படம் எனக்கு ஓடுகிற படத்தைவிடப் பெரியது. கரிக்கோல் சார் மன்னிக்கவேண்டும். இழையின் தலைப்பையே மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

ஓடுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். இளமை, சிரிப்பு. மிஷினில் குனிந்தவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் பின்னால் கதிர் வைக்கத்தான் தைரியம் வேண்டும். மகள் தோளில் பறக்கிற போர்வையை அம்மாதானே தைத்துக்கொண்டிருக்கிறாள்!

கரிக்கோல் எழுதியது:

நூல்கண்டு அம்மா, மன்னிப்பெல்லாம் எதற்கு. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் நான் ஒன்றை மட்டும் தலைப்பில் போட்டது என் தவறு. பத்து நாளாக ஓடுகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், போர்வை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எண்ணெய்வண்ணம் எழுதியது:

1978 புகைப்பட வரிசையில் ஒன்றைப் பாருங்கள். லோபஸே கதிர்களுக்கு முன்னால் ஓட்ட உடையும் காலணியுமாக நிற்கிறார், கையில் தூரிகைகள். அம்மாவுக்கு மிஷின், பாட்டிக்குக் கத்தி, இவருக்குத் தூரிகை. மூன்று பேர் கையிலும் வேலைக்கான கருவி. மூல அன்னையின் கைகள் கூப்பியிருக்கும்.

செபமாலை எழுதியது:

மூன்று நாளாக எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

தேவதூதன் விஷயத்தில் என் மனசு மாறவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது, வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இதைக் கேலி என்று நான் சொல்லமாட்டேன். கேலி செய்கிறவள் தன் பாட்டியை அந்த இடத்தில் உட்காரவைக்கமாட்டாள்.

அன்னை ஹுவான் தியேகோவிடம் அவருடைய மொழியில் பேசினாள் என்று தெற்குவெளி எழுதினார் இல்லையா. ஆயரைப் போய்ப் பார்க்கச் சொன்னது அந்த ஏழையைத்தான், முதல் முறை ஆயர் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அவரைப் போன்றவர்களின் வீட்டிலிருந்து வந்த பெண் தன் அம்மாவை வரைந்தால் அன்னை கோபிப்பாளா என்று நேற்று ராத்திரி செபத்துக்கு உட்கார்ந்தபோது நினைத்தேன். பதில் வரவில்லை. அம்மா படத்தை மட்டும் பெரிதாக ஒரு பிரதி எடுத்துத் தரும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன். எங்கே மாட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, வரவேற்பறையில் இல்லை.

நூல்கண்டு எழுதியது:

செபமாலை அக்கா, தையல் மிஷின் இருக்கிற அறை உங்கள் வீட்டில் உண்டா?

செபமாலை எழுதியது:

உண்டு. என் அம்மாவின் மிஷின். ஜன்னலோரம் இருக்கிறது.